திருடனுக்குப் போட்ட கிரில் பூனைக்கும் ஆகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெருநாய்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு செய்தி வந்துவிடுகிறது. 2025-ல் அந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், டீக்கடையிலும் பேசித் தீர்த்தாயிற்று. பூனையைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. சேலத்தில் பூனை வளர்க்கும் வீடுகள் இப்போது எவ்வளவு கூடிவிட்டன என்பது பெட் ஷாப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அஸ்தம்பட்டி, அழகாபுரம், ஐந்து ரோடு என்று எங்கே பார்த்தாலும் பூனைத் தீனி மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள், பெர்ஷியன் குட்டி விற்பனைக்கு என்று போர்டு தொங்குகிறது. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அந்தக் குட்டியை எங்கே வைத்து வளர்க்கப் போகிறார்கள் என்று யோசித்தால்தான் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. ஒன்று, நாள் முழுக்க ஒரு ரூமுக்குள் பூட்டி வைக்கிறார்கள். இல்லையென்றால் கதவைத் திறந்து தெருவில் விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெரிய வசதியெல்லாம் வேண்டாம், நம் ஊர் வீடுகளில் பாதி வேலை ஏற்கனவே முடிந்தே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தெருவில் விட்ட பூனை எப்படிச் சாகிறது என்று பூனை வளர்த்த எல்லோருக்கும் தெரியும், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பைக்கில் அடிபடும். ராத்திரி சூட்டுக்கு கார் பானட்டுக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும், காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்கிறவருக்கு அது உள்ளே இருப்பது தெரியாது. நாலு நாய் சேர்ந்து வளைத்துக்கொண்டால் ஏறித் தப்பிக்க மரம் வேண்டும், இப்போது எந்தத் தெருவில் மரம் இருக்கிறது? இதையெல்லாம் விடக் கொடுமை எலி மருந்து. நாலு வீடு தள்ளி யாரோ எலிக்கு வைத்த மருந்தை எலி தின்னும், மயங்கித் தள்ளாடும் அந்த எலியைப் பூனை சுலபமாகப் பிடித்துத் தின்னும், ஒன்றிரண்டு நாளில் அதுவும் போய்விடும். எங்கள் தெருவில் செவலை என்று ஒரு பூனை, யார் வீட்டுக்கும் சொந்தமில்லை, எல்லார் வீட்டுக்கும் சொந்தம். அது அப்படித்தான் போனது. மருந்து வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அரிசி மூட்டையை எலி கடித்தால் யாரும் வைக்கத்தான் செய்வார்கள். அதைத் தின்னப் பூனை போகாமல் இருந்திருக்க வேண்டும்.

சரி, அதனால்தான் நாங்கள் வெளியே விடுவதே இல்லை என்கிறவர்கள் அடுத்த கூட்டம். அதுவும் பூனைக்கு நல்லதாக இல்லை. எலி பிடிக்கவும், மரம் ஏறவும், மதில்மேல் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கவும் பிறந்த உயிர் அது, அதைக் கொண்டுபோய் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு ஹாலுக்குள் விட்டுவிட்டு, சோபாவைக் கீறுகிறது, ராத்திரி மூன்று மணிக்குக் கத்துகிறது, துணி மேல் மூத்திரம் போகிறது என்று டாக்டரிடம் குறை சொல்கிறோம். ஒரே இடத்தில் கிடந்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், உலர் தீனியை மட்டும் தின்று எடை ஏறிப்போன பூனைகளுக்கு மூத்திரப் பை எரிச்சல் வருவது அதிகம், மனக்கலக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து. உங்கள் வாசகர்களில் ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளட்டும்: மண் தட்டில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வருகிறது, சொட்டுக் கூட வரவில்லை என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

இப்போது அந்த நடுவழிக்கு வருகிறேன். வெளிநாட்டில் இதற்கு ‘கேட்டியோ’ (catio) என்று பெயர், வீட்டை ஒட்டினாற்போல் நாலு பக்கமும் மேலேயும் கம்பி வலை அடைத்த ஒரு சின்னத் தாழ்வாரம். ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ பூனை தன் இஷ்டத்துக்கு அங்கே போய்வரும். காற்றும் வெயிலும் உண்டு, ஆனால் தெருவுக்குப் போக முடியாது, தெருவில் இருப்பதும் உள்ளே வர முடியாது. கேட்டால் ஏதோ பங்களாக்காரர்கள் விஷயம் போலத் தோன்றும். ஆனால் சேலத்தில் ஒரு தெருவில் நடந்து பாருங்கள், எத்தனை வீட்டில் முன் போர்ட்டிகோவுக்குத் தரையிலிருந்து கான்கிரீட் வரைக்கும் கிரில் அடித்திருக்கிறார்கள் என்று. திருடனுக்குப் பயந்து அடித்தது. மேலே தளம் இருக்கிறது, கீழே டைல்ஸ் இருக்கிறது, பூட்டு போட்ட கிரில் கதவு இருக்கிறது. பூனை வெளியே போகும் அளவுக்குக் கம்பிக்குக் கம்பி இடைவெளி இருக்கிறது என்பது ஒன்றுதான் குறை. அந்தக் கிரில்லின் உள்பக்கம் வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, வைத்துக் கட்டினால் முடிந்தது வேலை.

எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். கிரில் பட்டறையில் போய்ப் பூனைக்கு என்று சொன்னதும் முதலில் சிரித்தார்கள், அப்புறம் வந்து அளவெடுத்தவர் எங்களுக்குத் தோன்றாத விஷயங்களையெல்லாம் அவராகவே கேட்டார். குட்டி இருக்கிறதா, அப்படியானால் வலையின் ஓட்டை, அவர்கள் பாஷையில் கண், ஒரு இஞ்சு வேண்டாம், அரை இஞ்சு போடலாம் என்றார். அரை இஞ்சு போட்டதில் இன்னொரு நன்மை, எங்கள் பக்கத்துக் காலி மனையில் பாம்பு நடமாட்டம் உண்டு, பெரிய பாம்பு அந்தக் கண்ணுக்குள் நுழையாது. கோழி வலை வேண்டவே வேண்டாம், பூனை தொங்கித் தொங்கியே அதை நெளித்துவிடும், வெளியிலிருந்து நாய் பாய்ந்தால் ஒரே இழுப்பில் கிழியும். வெல்டு மெஷ்ஷை ஸ்கொயர் டியூப் ஃபிரேமில் வைத்துப் பற்றவைத்து, அந்த ஃபிரேமைக் கிரில்லோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள், வீடு காலி செய்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். மூலைகளில் மட்டும் கட்டுக்கம்பி. அதில் ஒரு சின்ன விஷயம், கட்டுக்கம்பியை முறுக்கி வெட்டிய நுனி ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பட்டறைப் பையன் ஒவ்வொரு நுனியையும் பிளையரால் வெளிப்பக்கமாக மடக்கி, அதன் மேல் கையை வைத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முடிச்சுக்குப் போனான். பூனை கம்பியில் கன்னத்தைத் தேய்க்கும், கண் அந்த உயரத்தில்தான் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் வீட்டிலும் பூனை இருக்கிறதாம்.

கதவு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கூரியர்க்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று யாராவது கதவைத் திறந்த நொடியில் பூனை காலுக்கு நடுவில் புகுந்து ஓடிவிடும். வெளிக்கதவு திறக்கும்போது உள்கதவு சாத்தியிருக்கிற மாதிரி இரண்டு கதவு இருந்தால் நல்லது. இடம் இல்லையென்றால் முன் போர்ட்டிகோவை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் இருக்கும் இடைவெளியையோ, பின்னால் பாத்திரம் தேய்க்கும் இடத்தையோ, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூலையையோ அடைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஜன்னலே போதும். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஏசி மிஷின் நிற்கிற மாதிரி ஒரு ஸ்டாண்ட், அதன் மேல் ஒரு பலகை, சுற்றிலும் மேலேயும் வலை, இரண்டடிக்கு மூன்றடி இருந்தாலும் ஒரு பூனை காலை நீட்டிப் படுக்கலாம். வீட்டு ஓனர் சுவரில் ஓட்டை போடாதே என்றால் தரையில் நிற்கும் ஃபிரேமாகச் செய்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் தெருவில் செய்தவர்களுக்கு ஒரு சாதாரண செல்போன் வாங்கும் காசுக்குள்தான் முடிந்தது.

நம் ஊர் வெயிலை மறந்துவிட்டு இதைச் செய்தால் பூனைக்கு நன்மைக்குப் பதில் தீமைதான். வீடியோவில் குளிர்ப் பிரதேசத்துக்காரன் கண்ணாடிக் கூரை போடுகிறான் என்று நாமும் போட்டால், ஏப்ரல் மே மாதத்தில் 40 டிகிரி தொடும் சேலத்தில் அது அடுப்பாகிவிடும். தகர ஷீட்டும் அப்படித்தான். மேற்குப் பார்த்த இடம் வேண்டாம், வேறு வழியில்லை என்றால் நர்சரிக்காரர்கள் போடும் பச்சை நிழல்வலையை வெளிப்பக்கம் கட்டுங்கள், தரையில் ஒரு நனைந்த சாக்கு போடுங்கள், மண்சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மத்தியானம் பூனை வீட்டுக்குள் வரும் வழி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். அதை வெளியே விட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது பெரிய பாவம். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவது சாதாரணம், பூனை அப்படி வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து டாக்டரிடம் ஓட வேண்டும். வெள்ளைப் பூனைக்குக் காது நுனியும் மூக்கும் வெயிலில் வெந்து, வருடக்கணக்கில் அப்படியே போனால் அதே இடத்தில் புற்றுநோய் வருவது உண்டு, அதனால் வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்கள் நிழலை இன்னும் கூட்டிப் போட வேண்டும்.

வெயில் பட்டால் பூனைக்கு வைட்டமின் டி கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், அது மனிதனுக்குத்தான். பூனையின் தோல் அதைத் தேவையான அளவுக்குத் தயாரிப்பதில்லை, தின்னும் இறைச்சி மீனிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். அப்படியானால் வெளியே என்னதான் கிடைக்கிறது என்று கேட்டால், வந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். காலை ஆறரை மணிக்கு எங்கள் பக்கத்து முருங்கை மரத்துக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டம் வரும், கத்திக்கொண்டே கீழே இறங்கிச் சருகைக் கிளறும். எங்கள் கருப்பி மேல் பலகையில் முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து உட்கார்ந்திருக்கும், உடம்பில் அசைவே இருக்காது, வால் நுனி மட்டும் ஒரு இஞ்சு அளவுக்கு இப்படியும் அப்படியும். பல்லைப் பல்லால் தட்டுகிற மாதிரி கெக்கெக்கென்று ஒரு சத்தம் அதன் தொண்டையிலிருந்து வரும், வீட்டுக்குள் எந்த விளையாட்டுச் சாமானுக்கும் அது அந்தச் சத்தம் போட்டதில்லை. ஒரு மணி நேரம் அப்படி வேலை பார்த்துவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் வரைக்கும் நல்ல தூக்கம். ராத்திரி மூன்று மணிக் கத்தல் எங்கள் வீட்டில் இப்போது இல்லை.

உள்ளே என்ன வைப்பது என்பதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். பூனைக்குத் தரையை விட உயரம்தான் முக்கியம், சுவரில் படிப்படியாக நாலு பலகை அடித்தால் பத்தடிக்கு ஐந்தடி இடம் அதற்கு இரண்டு பங்காகத் தெரியும். ஒரு கட்டைக்குச் சணல் கயிற்றை இறுக்கிச் சுற்றி நிறுத்தினால் சோபா தப்பிக்கும். பழைய புடவையில் தூளி கட்டலாம். செடியில்தான் ஜாக்கிரதை வேண்டும். அரளி வேண்டவே வேண்டாம், லில்லி வகைகள் வேண்டவே வேண்டாம், லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் பட்டு அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். செங்காந்தள் நம் மாநிலப் பூ, கொடி பார்க்க அழகு, ஆனால் அதுவும் விஷம், கிழங்கு கொடிய விஷம். எல்லாரும் வீட்டில் வைத்திருக்கும் மணி பிளான்ட்டைக் கடித்தால் வாயெல்லாம் எரிந்து எச்சில் ஒழுகும். கோதுமையைத் தொட்டியில் தூவிவிட்டால் ஒரு வாரத்தில் புல் வரும், அதைக் கடித்துக்கொண்டிருக்கட்டும், அது போதும்.

அபார்ட்மெண்ட்காரர்களின் பிரச்சினை வேறு. நாலாவது மாடி பால்கனியில் வலை போடலாமா என்று கேட்டால் சங்கத்தில், கட்டடத்தின் முகப்பு கெட்டுவிடும் என்கிறார்கள். அதே கட்டடத்தில் புறா வராமல் இருக்கப் பாதி பால்கனிக்கு நைலான் வலை கட்டியிருக்கிறது, அதற்கு யாரும் வாய் திறந்ததில்லை. புறா வெளியே இருக்கக் கட்டலாம், பூனை உள்ளே இருக்கக் கட்டக் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது? செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது என்று தீர்மானம் போடுகிற சங்கங்களும் உண்டு. பெரும்பான்மை ஓட்டு வாங்கினாலும் அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இன்னொன்று, புறா வலையை நம்பிப் பூனையை விடக் கூடாது. நைலானைப் பூனை கடித்தே அறுத்துவிடும், வெயிலில் ஒன்றிரண்டு வருடத்தில் நூல் தானாகவே இற்றுப்போகும். இன்விசிபிள் கிரில் என்று மெல்லிய ஸ்டீல் கம்பியை இரண்டு இஞ்சு இடைவெளியில் கட்டுகிறார்களே, அது குழந்தைக்குச் சரி, குட்டிப் பூனை அதில் புகுந்து வெளியே வந்துவிடும்.

பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும், ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1987-ல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியானது, அதில் சுமார் 90 சதவீதம் பிழைத்துக்கொண்டன. அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் பேசுகிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அவை அந்தக் கணக்கில் வரவே இல்லை. பிழைத்தவற்றுக்கும் நுரையீரலில் அடி, தாடை உடைவு, கால் முறிவு என்று என்னென்னவோ. இத்தனைக்கும் நிறையப் பூனைகள் விழுவது ஒரு குருவியைப் பார்த்துப் பாய்ந்த ஒரு நொடியில்தான். பால்கனியில் வலை இருந்தால் அந்த நொடி ஒன்றும் செய்யாது.

ஏற்காட்டில் என் தங்கை இருக்கிறாள், அங்கே கதை வேறு மாதிரி. வெயில் பிரச்சினை இல்லை, பனியும் மழையும்தான். வருடத்தில் பாதி நாள் மூட்டம் இறங்கி எல்லாமே ஈரமாக இருப்பதால் சாதாரணக் கம்பி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து உதிர்கிறது, துத்தநாகம் பூசிய நல்ல ஜிஐ மெஷ் வாங்கி, பற்றவைத்த இடங்களில் எல்லாம் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து அதன் மேல் பெயிண்டும் அடிக்க வேண்டும். தரையில் ஈரம் நிற்கக் கூடாது, இல்லையென்றால் பூனைக்குப் படர்தாமரை வரும், அது மனிதருக்கும் ஒட்டும். அதைவிடப் பெரிய தலைவலி குரங்கு. கொண்டை ஊசி வளைவில் டூரிஸ்டுகள் போடும் சிப்ஸைத் தின்று பழகிய குரங்குகள் வலைக்குள் தீனிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டால் விடாது, நாலு சேர்ந்து மூலையைப் பிடித்து ஆட்டும். அதனால் அங்கே மெல்லிய வலை வேலைக்கு ஆகாது, தடித்த கம்பி வலை வேண்டும், கொக்கிக்குப் பதில் பூட்டே போட வேண்டும், சாப்பாடு எப்போதும் வீட்டுக்குள்தான். தங்கை வீட்டில் இந்த மூன்றையும் செய்த பிறகு குரங்கு ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம் நின்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதோடு சரி.

ஏற்காட்டுக்காரர்கள் இதைச் செய்ய இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. காபித் தோட்டத்தில் சில்வர் ஓக்கும் பலாவும் நிழல் தரும் இடத்தில்தான் சின்னான், தேன்சிட்டு, தையல்சிட்டு எல்லாம் கூடு கட்டுகின்றன, பல கூடுகள் ஆள் உயரத்துக்கும் கீழே. அங்கே இரவெல்லாம் சுற்றும் ஒரு வீட்டுப் பூனை ஒரு குஞ்சுப் பருவத்தில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வயிறு நிறைந்திருந்தாலும் அது பிடிக்கும், பசியும் வேட்டையும் பூனைக்குத் தனித்தனி. அமெரிக்காவில் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது, அதில் பெரும்பகுதி வீடில்லாத பூனைகளால். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஜெர்மனியில் வால்டார்ஃப் என்ற ஊரில் அதே வருடம் தரையில் கூடு கட்டும் ஒரு வானம்பாடியைக் காப்பாற்றுவதற்காகக் கூடு கட்டும் காலம் முடியும் வரை, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பூனையை வெளியே விடாதே என்று உத்தரவு போட்டார்கள். நம் ஊரில் அப்படிச் சட்டம் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, மண்டிக்கடையில் எலிக்காக வளர்க்கும் பூனைக்கெல்லாம் அது ஒத்துவராது. ஆனால் செல்லமாக வளர்க்கிற நாம் நம் பூனையையாவது பார்த்துக்கொள்ளலாம். அடிவாரத்தில் குட்டிகளைப் பையில் கட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறவர்கள் அந்தக் குட்டிக்கும் காட்டுக்கும் சேர்த்தே கெடுதல் செய்கிறார்கள்.

அக்கம்பக்கத்துச் சண்டை பாதி இதில் தீர்ந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமி துளசித் தொட்டியில் பூனை அசிங்கம் செய்துவிட்டது என்று சண்டைக்கு வருவதில் தப்பு ஒன்றும் இல்லை. மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டில் பூனையே கூடாது என்று பயப்படுகிறார்கள், முடி வயிற்றுக்குள் போய்விடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். முடியால் அந்த ஆபத்து வருவதில்லை, டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரும், அதைத்தான் கவனிக்க வேண்டும். அதுவும் பூனை எலியையோ பச்சைக் கறியையோ தின்று அந்தக் கிருமி உள்ளே போனால்தான், மலத்தில் வந்த பிறகும் அது ஒட்டும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். வலைக்குள் இருந்து, எலி பிடிக்காமல், வேகவைத்ததையோ கடைத் தீனியையோ தின்னும் பூனையின் மண் தட்டை வீட்டில் வேறு ஒருவர் தினமும் சுத்தம் செய்தால் பயப்பட அதிகம் ஒன்றும் இல்லை.

அடைத்து வைப்பது பாவம் இல்லையா என்று என் மாமியார் உட்பட நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது கூண்டு, அது எனக்குப் புரிகிறது. பெட் ஷாப்பில் இரண்டடிக் கூண்டில் மூன்று பெர்ஷியன் குட்டிகளை அடைத்து மண் தட்டும் சாப்பாட்டுக் கிண்ணமும் ஒட்டி ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. நடமாட இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960-ம் வருட மிருகவதைத் தடைச் சட்டம் 11-ம் பிரிவின்படி குற்றம், முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் என்று அப்போது எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது என்பது தனி வேதனை. நான் சொல்வது அந்தக் கூண்டு இல்லை. வீடு முழுக்க அதற்குச் சொந்தம், கூடவே வெளியே ஒரு தாழ்வாரமும் சொந்தம், எப்போது எங்கே இருப்பது என்று பூனையே முடிவு செய்கிறது. மாமியார் இப்போது சாயங்காலம் காபி டம்ளரோடு அங்கேதான் உட்காருகிறார்.

இதைக் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. வலைக்கு வெளியே ஒரு தெருப்பூனை வந்து மூக்கோடு மூக்கு வைத்தால் சளிக்காய்ச்சல் கிருமி தொற்றும். பூனைகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கும் அந்த வாந்திபேதி வைரஸ் நம் செருப்பிலேயே கூட வீட்டுக்குள் வரும், அது வெளியில் ஒரு வருடம் வரைக்கும் உயிரோடு கிடக்கும். ஆகவே குட்டியிலேயே தடுப்பூசி போட்டுவிட வேண்டும், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்க்கான ஊசியும் போட்டு வருடா வருடம் தொடர வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாத கடுவனை வலைக்குள் வைத்தால் வலை முழுக்க மூத்திரம் தெளிக்கும், பெண் பூனை சூட்டுக்கு வந்தால் தெருக் கடுவன்கள் எல்லாம் ராத்திரி வலையைச் சுற்றிக் கச்சேரி வைக்கும், அதையும் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. தீபாவளி சமயத்தில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து பூனை வலையிலேயே மோதிக் காயப்படுத்திக்கொள்ளும், அந்த நாட்களில் வழியை அடைத்துவிட்டு உள் ரூமில் கட்டிலுக்கு அடியில் பழைய போர்வையோடு விட்டுவிட வேண்டும்.

நாய்களுக்குக் கருத்தடை மையம் நடத்தும் மாநகராட்சி, வாரத்தில் ஒரு நாளாவது பூனைக்கும் ஒதுக்கினால் தெருவில் கிடக்கும் குட்டிகள் பாதியாகக் குறையும். தனியாரிடம் ஆபரேஷன் செலவைக் கேட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் தள்ளிப்போடுகிறார்கள், அப்புறம் குட்டிகளைக் கொண்டுபோய் எங்கேயாவது விடுகிறார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் கிரில்லுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே உள்பக்கம் மெஷ் மாட்டத் துளை போட்ட சின்னப் பட்டை வைத்து அடிக்கச் சொன்னால் பின்னால் செலவு மிச்சம், பட்டறைக்காரர்களும் இதைத் தாங்களாகவே கேட்டுச் செய்து கொடுக்கலாம், அவர்களுக்கும் ஒரு புது வேலை. உங்கள் பத்திரிகையில் வீடு கட்டுவது பற்றிப் பக்கம் வருகிறதே, அதில் ஒரு வாரம் இதற்கு இடம் கொடுங்கள். கண் அளவு, கம்பி கனம், கதவு அமைப்பு எல்லாம் போட்டு ஒரு படம் வரைந்து வெளியிட்டால், அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் காட்டப் பல பேர் தயாராக இருக்கிறோம். எங்கள் வீட்டில் எடுத்த அளவுகள் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன, கேட்டால் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அழகாபுரம், சேலம்.